ஆய்வு வலையமைப்புகளும் சேதன விவசாய மாற்றமும்: இலங்கை அனுபவத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலங்கையின் அண்மைக்கால விவசாய வரலாற்றில் 2021 ஆம் ஆண்டு தனியாக ஆராயப்பட வேண்டியதாகும். அவ்வாண்டு மே மாதம் 6 ஆந் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி அறிவித்தல், இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினி, களைநாசினி ஆகியவற்றினதும் இறக்குமதியைத் தடைசெய்தது. 2019 ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டுகளில் நிகழும் எனக் கூறப்பட்ட சேதன விவசாய மாற்றம், ஒரு போகத்துக்குள் நிகழவேண்டும் என ஆணையிடப்பட்டது. எதிர்ப்புகள் வலுத்த நிலையில், அதே ஆண்டு நவம்பர் மாத இறுதியில் அத்தடை நீக்கப்பட்டது.

இத்தோல்விக்கு இருவகை விளக்கங்கள் கூறப்பட்டு வருகின்றன. கமக்காரர் இரசாயனத்துக்கு அடிமைப்பட்டுவிட்டனர், புதியதை ஏற்கும் மனப்பாங்கு அவர்களிடம் இல்லை என்பது ஒன்று. சேதன விவசாயமே விஞ்ஞானத்துக்கு ஒவ்வாத பழமைக் கனவு என்பது மற்றொன்று. முதலாவது பழியைக் கமக்காரன் மீது சுமத்துகின்றது. இரண்டாவது அதனை மண்ணின் மீதே சுமத்துகின்றது. விவசாய அறிவு எங்கு, யாரால், எந்த உற்பத்தி உறவுகளுக்குள் உருவாக்கப்படுகின்றது, அது எவ்வழியாகக் கமக்காரரைச் சென்றடைகின்றது என்னும் வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அறிவு பரவும் வழி

ஆய்வு வலையமைப்பு என்று நாம் இங்கு குறிப்பிடுவது ஆய்வு நிலையங்களை மாத்திரமன்று. ஆய்வு நிலையம், பல்கலைக்கழகம், விவசாயத் திணைக்களம், கிராமத்தில் பணிபுரியும் விவசாயப் போதனாசிரியர், பசளைக் கடைக்காரர், கடன் வழங்கும் வங்கி, முன்னோடிக் கமக்காரர், அயற்காணிக்காரர் ஆகிய யாவரையும் இணைக்கும் உறவுகளின் தொகுதியையே அச்சொல்லாற் குறிக்கின்றோம்.

இத்துறையில் நீண்டகாலம் செல்வாக்குச் செலுத்திவந்த கோட்பாடு அமெரிக்காவில் உருவானது. 1943 இல் ரயன், குரொஸ் ஆகிய இருவரும் ஐயோவா மாநிலத்துச் சோளச் செய்கையாளரிடையே கலப்பின விதை பரவிய முறையை ஆராய்ந்தனர். அவ்வழியில் வந்த எவரெட் றோஜர்ஸ் 1962 இல் வெளியிட்ட நூலில், புத்தாக்கத்தை முதலில் ஏற்போர், பின்னர் ஏற்போர், இறுதியில் ஏற்போர் எனக் கமக்காரரை வகைப்படுத்தினார். புதிய முறையொன்றைப் பற்றிக் கமக்காரன் வெளியாரிடம் கேள்விப்படலாம். ஆயின் அதனைக் கைக்கொள்ளும் முடிவை அயலவனின் வயலைப் பார்த்தே எடுக்கின்றான் என்னும் உண்மை இவ்வாய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. இது பெறுமதியான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை.

எனினும் இக்கோட்பாடு ஒன்றை மறைக்கின்றது. இறுதியில் ஏற்பவன் ஏன் இறுதியில் ஏற்கின்றான்? அவனது மனப்பாங்கே காரணம் என்று கொள்ளும்போது, அவனது காணி குத்தகைக் காணியா, விளைச்சலிற் பாதியை நிலவுடைமையாளனுக்கு அளக்கவேண்டியவனா, சென்ற போகத்துக் கடன் எவ்வளவு என்பன மறைந்துவிடுகின்றன. சேதனப் பசளையின் பயன் மண்ணில் தங்கிப் பல ஆண்டுகளின் பின்னரே முழுமையாக வெளிப்படும். அடுத்த போகத்தில் அக்காணி தன்னிடம் இருக்குமா என்பதை அறியாத குத்தகைக் கமக்காரன், பிறருடைய மண்ணுக்குத் தன் உழைப்பைப் புதைக்கத் தயங்குவது அறியாமையன்று. அவனது நிலையில் அதுவே அறிவுடைய முடிவாகும்.

2. பசுமைப் புரட்சியின் வலையமைப்பு

இலங்கைக் கமக்காரர் இரசாயனப் பசளைக்கு மாறியமை தற்செயலாக நிகழ்ந்ததன்று. அது திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஒரு வலையமைப்பின் விளைவாகும். 1952 இல் பத்தலகொடையில் நெல் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் அங்கிருந்து வெளிவந்த எச்-4 என்னும் நெல்லினம் நாடெங்கும் பரவியது. 1960 இல் ரொக்பெல்லர், போர்ட் மன்றங்களின் உதவியுடன் பிலிப்பைன்ஸில் அமைக்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966 இல் ஐ.ஆர்.8 இனத்தை வெளியிட்டது. 1970களின் தொடக்கத்தில் பீ.ஜீ. 11-11 முதலிய குட்டை இனங்கள் பத்தலகொடையிலிருந்து வந்தன. இவ்வினங்கள் கூடுதலான நைதரசனை ஏற்றுச் சாயாது நிற்கும் வண்ணம் உருவாக்கப்பட்டவை. எனவே விதையோடு பசளையும் பசளையோடு கடனும் கிராமத்துட் புகுந்தன. பசளை மானியம் 1962 இல் ஆரம்பிக்கப்பட்டது.

இக்காலப்பகுதியின் இரு பக்கங்களையும் நோக்குதல் வேண்டும். இந்நாடு அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு அடைந்தமைக்கு இந்த ஆய்வுப்பணி முதன்மைக் காரணமாகும். அது அரச ஆய்வாகவும் பொதுச் சொத்தாகவும் இருந்தது. பத்தலகொடையின் விதைக்குத் தனியார் உரிமை எதுவும் இருக்கவில்லை. 1958 இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளிக்கவும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வாயிலாக அவர்களை ஒழுங்கமைக்கவும் முயன்றது. ஆய்வையும் நிலவுறவு மாற்றத்தையும் ஒருங்கே முன்னெடுக்கும் வாய்ப்பு அன்று இருந்தது. அச்சட்டம் நலிவடையவே, விதையும் பசளையும் முன்சென்றன, நிலவுறவுகள் பின்தங்கின.

1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் இவ்வலையமைப்பின் தன்மையை மாற்றியது. 1980களின் இறுதியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராமமட்ட விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்கள் கிராம உத்தியோகத்தர் பதவிகளுக்கு மாற்றப்பட்டனர். ஆய்வு நிலையத்துக்கும் வயல் வரம்புக்கும் இடையே இருந்த மனிதச் சங்கிலி அத்துடன் அறுந்தது எனலாம். அவ்வெற்றிடத்தை இரசாயனக் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளும் பசளைக் கடைக்காரரும் நிரப்பினர். நோயுற்ற இலையை எடுத்துக்கொண்டு கமக்காரன் செல்லும் இடம் கடையாயிற்று. கடைக்காரன் மருத்துவனாகவும் கடன் கொடுப்பவனாகவும் விளங்கினான். விற்பதற்கு ஒரு பொருள் உள்ளவனின் ஆலோசனை அப்பொருளை நோக்கியே செல்லும் என்பதை விளக்கவேண்டியதில்லை. கமக்காரர் இரசாயனத்துக்கு அடிமைப்பட்டனர் என்று கூறுவோர் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

3. சேதன விவசாயத்தின் இரு வேர்கள்

சேதன விவசாயம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்றும், நம் முன்னோரின் தூய மரபு என்றும் மாறிமாறிப் பேசப்படுகின்றது. உண்மை இவ்விரண்டிலும் சிக்கலானது. நவீன சேதன விவசாயத்தின் முன்னோடிகளுள் ஒருவரான அல்பேர்ட் ஹவார்ட் பிரித்தானிய அரசின் ஊழியராக 1905 இல் இந்தியா வந்தவர். கமக்காரருக்குக் கற்பிக்க வந்த அவர், அவர்களையே தமது ஆசான்களாகக் கொண்டார். கழிவுகளை அடுக்கி மக்கவைக்கும் இந்தூர் முறை, கீழைத்தேய உழவரின் நடைமுறையை அவதானித்து முறைமைப்படுத்தியதன் பயனாகும். உழவரின் அறிவு ஆய்வாளரின் நூலாகி, ஐரோப்பியச் சந்தையின் தரச்சான்றிதழாக மாறி, பின்னர் கட்டணத்துடன் அதே உழவரிடம் திரும்பிவந்த கதை இங்கேயே தொடங்குகின்றது.

இவ்விடத்தில் இலக்கிய மாணவர் நன்கறிந்த ஒரு சான்றினைக் குறிப்பிடுதல் பொருந்தும். முக்கூடற்பள்ளு முதலிய பள்ளு நூல்களில் நெல்வகைகளின் பெயர்களும் மாட்டு வகைகளின் பெயர்களும் நீண்ட பட்டியல்களாக இடம்பெறுகின்றன. ஈழத்திலும் பறாளை விநாயகர் பள்ளு, கதிரைமலைப் பள்ளு என்பன தோன்றின. அவ்வறிவு சேற்றில் நின்ற பள்ளருடையது. ஆயின் அதனைப் பாடியோர் பண்ணையாரையும் தெய்வத்தையும் சார்ந்து நின்ற புலவர்கள். பண்ணையாரிடம் அடிபடும் பள்ளனோ நகைப்புக்குரிய பாத்திரமாகவே அந்நூல்களில் வருகின்றான். உழைப்பவனின் அறிவை எடுத்துக்கொண்டு அவனை அறிவிலியாகக் காட்டும் வழக்கம் நவீன விரிவாக்கப் பணியுடன் தொடங்கியதன்று என்பதை இது உணர்த்தும். மரபை மீட்போம் என்று முழங்குவோர் அம்மரபுக்குள் இருந்த சாதி ஒடுக்குமுறையையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இலங்கையில் சேதன விவசாயம் 1980களின் பின்னர் இருவேறு வழிகளில் வளர்ந்தது. ஒன்று ஏற்றுமதி வழி. கண்டிப் பகுதியின் சிறு தேயிலைச் செய்கையாளர் 1990களில் சங்கமாக ஒன்றிணைந்து, சான்றிதழ் பெற்ற தேயிலையை ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பினர். 1994 இல் இலங்கைச் சேதன விவசாய இயக்கம் உருவானது. மற்றையது இயக்க வழி. 1990 இல் தோன்றிய காணி, விவசாய மறுசீரமைப்பு இயக்கம், சேதன விவசாயத்தை நில உரிமையோடும் கடன் எதிர்ப்போடும் இணைத்துப் பேசியது. இவ்விரு வழிகளும் பயனுள்ளவை, எனினும் சிறியவை. முதலாவதன் விளைபொருள் வெளிநாட்டு நுகர்வோருக்கும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கொழும்புப் பகுதிகளில் கூடிய விலை கொடுக்கக்கூடியோருக்கும் உரியதாயிற்று. கொட்டாஞ்சேனையின் துறைமுகத் தொழிலாளி குடும்பம் உண்ணும் சோற்றை அது தொடவில்லை.

4. 2021: ஆய்வைக் கடந்த ஆணை

சேதன விவசாயக் கோரிக்கைக்குப் பின்னால் உண்மையான மக்கள் துயரம் இருந்தமையை மறுக்கலாகாது. 1990கள் முதல் வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடையே காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிவருகின்றது. விவசாய இரசாயனங்களே காரணம் என்னும் நம்பிக்கை வலுப்பெற, 2015 இல் கிளைபொசேற்று களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்காக அத்தடை தளர்த்தப்பட்டது. குடிநீரின் கனிமத் தன்மை, வெப்பத்தில் நீரின்றி உழைத்தல் உள்ளிட்ட பல காரணங்களை ஆய்வாளர் முன்வைத்துள்ளனர். விடை காணப்படாத நோயின் முன் அச்சங்கொண்ட மக்களின் உணர்வு, அரசியலாளரின் கைகளில் எளிய முழக்கமாயிற்று.

2021 ஆம் ஆண்டின் முடிவுக்கு அம்முழக்கத்தைவிட அழுத்தமான காரணம் ஒன்றும் இருந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. பசளை இறக்குமதி பெருஞ்செலவாக இருந்தது. 2020 முதல் நெற்செய்கையாளருக்கு இலவசமாக வழங்கப்பட்டுவந்த பசளை, திறைசேரிக்கும் சுமையாயிற்று. நிதி நெருக்கடியின் சுமை, பசுமைச் சொற்களால் மூடப்பட்டுக் கமக்காரரின் தலையில் இறக்கப்பட்டது.

அப்போது ஆய்வு வலையமைப்பு மௌனமாக இருந்ததா? இல்லை. இலங்கை விவசாயப் பொருளியலாளர் சங்கம், முழுத்தடையினால் நெல் விளைச்சல் சராசரியாக 25 வீதமும் தேயிலை 35 வீதமும் தென்னை 30 வீதமும் வீழ்ச்சியடையலாம் என அவ்வாண்டிலேயே எச்சரித்தது. கொள்கையை வெளிப்படையாக விமர்சித்த பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே, விவசாய அமைச்சில் வகித்த பதவிகளிலிருந்து நீக்கப்பட்டார். வெரிட்டே ஆய்வு நிறுவனம் 2021 யூலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கமக்காரரிடம் நடத்திய கருத்தாய்வு மேலும் கவனத்துக்குரியது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சேதன விவசாயத்துக்கு மாறுவதை ஆதரித்தனர். அவர்களிற் பெரும்பாலானோர் அம்மாற்றத்துக்கு ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் தேவை என்றனர். கமக்காரர் மாற்றத்தை எதிர்க்கவில்லை. காலத்தையும் கற்றலையும் கோரினர்.

கணக்கும் அவர்கள் பக்கமே இருந்தது. யூரியாவில் நைதரசன் 46 வீதம். சாதாரணக் கூட்டெருவிலோ ஏறத்தாழ ஒரு வீதம். ஒரு ஹெக்டேயர் நெல்லுக்கு 100 கிலோகிராம் நைதரசன் எனக் கொள்வோமாயின், அதனைக் கூட்டெருவால் மாத்திரம் வழங்கப் பத்துத் தொன் எரு வேண்டும். பெரும்போகத்தில் விதைக்கப்படுவது 7 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியாகும். ஆகவே 70 இலட்சம் தொன் எருவை ஆக்கி, ஏற்றி, இறக்கி, வயலெங்கும் பரப்ப வேண்டும். அந்த உழைப்பை யார் தருவது? பெரும்பகுதி பெண்களும் கூலித்தொழிலாளருமே தரவேண்டியிருந்திருக்கும். அக்கணக்கு எங்கும் போடப்படவில்லை. எருவும் இறக்குமதிப் பொருளாயிற்று. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையின் மாதிரியில் தீங்கான பற்றீரியா இருப்பதைத் தேசிய தாவரத் தொற்றுக்காப்புச் சேவை கண்டறிந்தது, சரக்கு ஏற்கப்படவில்லை. ஆயினும் 2022 சனவரியில் 67 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை செலுத்தப்பட்டது.

விளைவுகள் கடுமையானவை. 2020 இல் ஏறத்தாழ 51 இலட்சம் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 34 இலட்சம் தொன்னாகக் குறைந்தது. தேயிலை உற்பத்தி 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாக இருந்து, அடுத்த ஆண்டில் 25 கோடி அளவுக்கு வீழ்ந்தது. கொழுந்து குறையும்போது நிறையளவை எட்டமுடியாது நாட்கூலியின் ஒரு பகுதியை இழப்பவள் மலையகத் தோட்டத் தொழிலாளப் பெண். தடை நீங்கிய பின்னரும் நிவாரணம் கிட்டவில்லை. முன்னர் இலவசமாகப் பெற்ற யூரியாவின் 50 கிலோகிராம் மூடை, 2022 இல் இந்தியக் கடனுதவியின் கீழ் வந்தபோதும் 10,000 ரூபாவுக்கு விற்கப்பட்டது. சேதன விவசாயம் என்னும் சொல்லே பல கிராமங்களில் வசைச்சொல்லாயிற்று. நீண்டகால நோக்கில் இதுவே மிகப்பெரிய இழப்பாகும்.

5. கேட்கப்படாத கமக்காரர்

இத்தீவில் இரசாயனப் பசளையின்றிப் பயிர்செய்யும் நிர்ப்பந்தம் ஏற்பட்டது 2021 இல்தான் முதன்முறையன்று. போர்க்காலத்தில் 1990 முதல் வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில், வெடிபொருளாக மாற்றப்படலாம் என்னும் காரணத்தால் யூரியாவும் அடங்கியது. அக்காலத்துக் கமக்காரர் அயலவரிடமும் முதியோரிடமும் கேட்டுப் பழைய நடைமுறைகளைப் புதுப்பித்தனர். பட்டி அடைத்தல், பூவரசங் குழையும் சீமைக்கிளுவைக் குழையும் தாழ்த்தல், பனையோலையைத் தோட்டத்து மண்ணிற் புதைத்தல் என்பன யாழ்ப்பாணத் தோட்டச் செய்கையில் நெடுங்காலம் வழங்கியவை. பனையோலை மெல்ல உக்கி நீரைத் தாங்கும். குழை விரைவில் உக்கி நைதரசனைத் தரும். இவ்விரு பயன்களையும் வேறுபடுத்தி அறிந்தே நம் கமக்காரர் இவற்றைக் கையாண்டனர்.

அவ்வனுபவத்தைத் துயரமாகவும் நோக்கவேண்டும். வறுமையும் பசியும் அதனுள் இருந்தன. தடையை விதித்தோருக்கு நன்றி கூற அது இடந்தராது. ஆயினும் அது இந்நாட்டின் மிகப்பெரிய கட்டாயப் பரிசோதனைகளுள் ஒன்றாகும். 2021 இல் வர்த்தமானியை எழுதியோர் கிளிநொச்சிக்கோ கோப்பாய்க்கோ சென்று, எது விளைந்தது, எது விளையவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் படுகையின் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பல தசாப்தங்களாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். எனவே பசளையைக் குறைக்கும் தேவை வடபகுதிக்கே உடனடியானது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அந்நீரைக் குடிப்போர் தமிழில் வாழ்கின்றனர்.

6. வேறு அனுபவங்கள்

பிற நாட்டு அனுபவங்களுள் கியூபாவினுடையது முதன்மையானது. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சியினால் 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டின் எரிபொருளும் பசளையும் திடீரென அற்றுப்போயின. அங்கும் நெருக்கடியே தொடக்கம். வேறுபாடு யாதெனில், 1997 முதல் சிறுவிவசாயிகளின் தேசியச் சங்கம் ‘கமக்காரரிடமிருந்து கமக்காரருக்கு’ என்னும் கற்றல்முறையை முன்னெடுத்தது. தன் நிலத்தில் ஒரு முறையைச் சோதித்து வெற்றிகண்ட கமக்காரரே பிறருக்கு ஆசிரியராவர். ஆய்வாளர் அவர்களுக்குத் துணைநிற்பர். பத்தாண்டுகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இதில் இணைந்தன. கியூபா இன்றும் உணவின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கின்றது என்பதையும் மறைத்தலாகாது. எனினும் நில உறுதியும் கமக்காரர் அமைப்பும் இருந்தவிடத்து அறிவு விரைந்து பரவியது என்பது வெளிப்படை.

இந்தியாவில் சிக்கிம் மாநிலம் 2003 இல் தொடங்கிய மாற்றத்தை 2016 இலேயே நிறைவுற்றதாக அறிவித்தது. ஆந்திராவில் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் வாயிலாக இயற்கை விவசாயம் பரவிவருகின்றது. தமிழ்நாட்டில் கோவிற்பட்டி அரச ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய கோ. நம்மாழ்வார், அங்கு நிகழ்ந்த ஆய்வு வறிய மானாவாரிக் கமக்காரருக்குப் பயன்படவில்லை எனக் கருதி 1969 இல் பணியைத் துறந்தார். அவர் கிராமந்தோறும் நடந்து கட்டிய உறவுகளும் ஓர் ஆய்வு வலையமைப்பே. அதன் வலிமை கமக்காரரைக் கேட்டதில் இருந்தது. நிலவுறவுகளையும் சந்தையையும் அதனால் மாற்ற இயலாமற் போனமை அதன் எல்லையாகும்.

7. முடிவுரை

மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட மூலதனம் முதற்பாகத்தில், ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக்கின் ஆய்வுகளைக் கருத்திற்கொண்டு, முதலாளித்துவ விவசாயம் தொழிலாளியோடு மண்ணையும் சூறையாடுகின்றது என விளக்கினார். நகரம் உண்ட உணவின் சத்து வயலுக்குத் திரும்பாமையே அதன் அடிப்படை. கொழும்பு மாநகரின் சந்தைக் கழிவு குப்பைமேடாக உயர, வயலுக்குரிய நைதரசன் கப்பலில் வருவது இப்பிளவின் கண்கண்ட வடிவமாகும். 2017 இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரை விழுங்கியமையை இத்தொடர்பில் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே மண்ணை மீட்கும் தேவை உண்மையானது. அதனை வர்த்தமானியால் நிறைவேற்ற இயலாது. அறுந்துபோன கிராமமட்ட விரிவாக்கப் பணியை மீளக்கட்டல், குத்தகைக் கமக்காரருக்கு நில உறுதி வழங்கல், மாற்றக் காலத்து விளைச்சல் இழப்பை அரசு ஏற்றல், பத்தலகொடை முதலிய நிலையங்கள் குறைந்த இடுபொருளில் விளையும் இனங்களைக் கமக்காரரோடு சேர்ந்து தெரிவுசெய்தல் என்பன அடிப்படை நிபந்தனைகளாகும்.

தமிழியல் ஆய்வாளருக்கும் இதிற் பங்குண்டு. மண்வகை, எருவகை, பருவம், நோய் ஆகியவற்றைக் குறிக்கும் கமத்தொழிற் சொற்கள் முதியோரோடு மறைந்து வருகின்றன. அவற்றைத் தொகுப்பது நாட்டார் வழக்காற்றுப் பணி மாத்திரமன்று. விஞ்ஞானத்துக்கும் உழவுக்கும் இடையே பொதுமொழியொன்றை ஆக்கும் பணியுமாகும். அப்பொதுமொழியிற் கமக்காரரின் பெயர் ஆய்வாளரின் பெயருக்கு அருகில், கூட்டாசிரியராக இடம்பெற வேண்டும். பள்ளுப் பாடிய புலவர் செய்யத் தவறியதை இன்றைய பல்கலைக்கழகமேனும் செய்தல் கடனாகும்.